புது காக்டெயில் கிளி வந்ததுல இருந்து பழசு சீறுது, ஒரே கூண்டுல எப்போ விடலாம்?

பெருமாள்மலைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம், எங்க வீடு பெருமாள்மலை, கொடைக்கானலுக்குக் கீழ. மூணு வருஷமா முத்துன்னு ஒரு ஆண் காக்டெயில் வச்சிருக்கோம், சாம்பல் கலர், மஞ்ச மூஞ்சி. பையன் படிக்க கோயம்புத்தூர் போனதுல இருந்து பகல் பூரா தனியா கிடக்கு, நெஞ்சுப் பக்கம் இறகைத் தானே பிடுங்க ஆரம்பிச்சு ஒரு ரூபா காசு அளவுக்கு தோல் தெரியுது, பாக்கவே மனசு தாங்கல. அதனால போன ஞாயித்துக்கிழமை வத்தலகுண்டுல ஒருத்தர்கிட்ட இருந்து ஒரு வயசு கூட ஆகாத ஒரு பொண்ணு காக்டெயில் வாங்கி, அட்டைப்பெட்டியில ஓட்டை போட்டு பஸ்ல மடியில வச்சே கொண்டுவந்தேன். அங்க வெயில் கொளுத்துது, இங்க வந்து இறங்கினா ஒரே பனிமூட்டம். ஹால்ல ரெண்டு கூண்டையும் ஒட்டி ஒட்டி வச்சேன், முத்து கொண்டையை தலையோட படுக்க வச்சுட்டு உஸ்ஸுன்னு சீறுது, புதுசு பஞ்சு மாதிரி உப்பிக்கிட்டு மூலையிலயே உக்காந்திருக்கு. எப்போ ஒண்ணா விடலாம்? இன்னொண்ணு, தோட்டத்துல பட்டர் ஃப்ரூட் நிறைய இருக்கு, ரெண்டுக்கும் ஒரே தட்டுல வச்சா பழகிடுமா?

குன்னூர் கிளிக்கூண்டு:
அக்கா முதல்ல பட்டர் ஃப்ரூட்ட கையில எடுக்காதீங்க. அதுல பெர்சின்ங்கிற நச்சு ஒண்ணு இருக்கு, நமக்கு ஒண்ணும் பண்ணாது, கிளி இனத்துக்கு நெஞ்சைப் பிடிச்சுடும், சின்னப் பறவைக்கு கொஞ்சம் போனாலே உயிர் போயிடலாம். இலையும் ஆகாது.

அடுத்து, இப்பவே புதுசை வேற ரூமுக்கு மாத்துங்க. பழக்கம் எல்லாம் அப்புறம், 30ல இருந்து 45 நாள் தனியாத்தான் இருக்கணும். நான் இத அனுபவத்துல சொல்றேன், நாலு வருஷம் முன்னாடி நல்லா துறுதுறுன்னு இருந்த ஒரு பறவையை வாங்கிட்டு வந்து அன்னிக்கே பழசு பக்கத்துல வச்சேன், மூணாவது வாரம் ரெண்டும் கண்ணுல தண்ணி, பச்சையா கழிச்சல், ஆறு வருஷம் என் தோள்லயே வளர்ந்தது போயிடுச்சு. நோய் உள்ள இருந்தாலும் வெளிய காட்டாம இருக்கிறது பறவையோட சுபாவம், பார்த்து கண்டுபிடிக்க முடியாது. சிட்டகோசிஸ்னு ஒண்ணு காஞ்ச எச்சத் தூசி வழியா மனுஷனுக்கே வரும், வீட்ல யாருக்காவது காய்ச்சல் இருமல்னா பறவை வளர்க்கிறதை டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. தினமும் முத்துவுக்கு முதல்ல தீனி வச்சுட்டு அப்புறம் புதுசுகிட்ட போங்க, கையை சோப்பு போட்டு கழுவுங்க, தண்ணிக் கப்பு மாத்தி வைக்காதீங்க. கிச்சன் தராசுல தினம் காலையில எடை போட்டு எழுதி வைங்க. காக்டெயில் சுமாரா 80ல இருந்து 100 கிராம் இருக்கும், 90 இருந்தது 80 ஆச்சுன்னா அது பெரிய விஷயம். பகல்லயும் கண்ணை மூடி உப்பிட்டே இருந்தாலோ, மூச்சு விடும்போது வால் மேலயும் கீழயும் ஆடினாலோ காத்திருக்காம அன்னிக்கே டாக்டர்கிட்ட போயிடுங்க.

அப்புறம் நம்ம ஊர் குளிர். கீழ இருந்து வந்தது, ஜன்னல் காத்து படாம கூண்டோட மூணு பக்கம் துணி போட்டு ஒரு பக்கம் வெளிய குண்டு பல்பு வைங்க, சூடு அதிகமானா அது மறுபக்கம் நகர இடம் இருக்கணும். கரி அடுப்பு மட்டும் அந்த ரூம்ல வேண்டவே வேண்டாம். தைலம் போட்டு ஆவி பிடிக்கிறதும் நான்ஸ்டிக் சட்டி காய்றதும் கூட அதோட நுரையீரல் தாங்காது.

மலைச்சாரல்77:
நான் மூணாவது நாளே ஒண்ணா விட்டேன், ஒண்ணும் ஆகல. ரொம்ப பயமுறுத்துறீங்க ப்ரோ.

குன்னூர் கிளிக்கூண்டு:
உங்களுக்கு ஆகல, சந்தோஷம். எனக்கு ஆச்சு ப்ரோ. அவங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு முத்து.

தாண்டிகுடி காப்பி:
தனியா வைக்கிற நாள் முடிஞ்சப்புறம் என்ன செய்யணும்னு நான் சொல்றேன்மா. எங்க வீட்ல அஞ்சு காக்டெயில் இருக்கு. ஒரே ரூம்ல ஆளுக்கொரு மூலையில கூண்டு, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை ஒரு சாண் கிட்ட நகர்த்துங்க, சீறினா பழைய இடத்துக்கே கொண்டுபோங்க. சீறல் வெறுப்பு இல்ல, பயம். ஆஸ்திரேலியாவுல கூட்டமா திரியிற ஜாதி, துணை அதுக்கு வேணும், ஆனா அவசரம் ஆகாது. முத்துவோட கூண்டுக்குள்ள புதுசை விட்டுடாதீங்க, அது அவன் வீடு. முதல்ல ரெண்டையும் வெளிய மேஜை மேல விட்டு தினைக்கதிர் ரெண்டு இடத்துல போடுங்க, கூடவே உக்காந்திருங்க. நல்லா போச்சுன்னா பெரிய கூண்டு ஒண்ணு புதுசா வாங்கி ரெண்டையும் ஒரே நேரத்துல விடுங்க, கப்பு ரெண்டு, கடல் நுரை (கணவாய் மீன் ஓடு) ரெண்டு, குச்சி ஒரே உயரத்துல. கொய்யாக் குச்சி வெட்டி கழுவிப் போடலாம். ராத்திரி சின்ன லைட் எரியட்டும், இருட்டுல திடுக்கிட்டு முட்டி மோதும் இதுங்க. முட்டையிடுற பானை மட்டும் இப்போ வைக்காதீங்க, வச்சா உடனே முட்டைதான். ஒரு வயசு கூட ஆகாத பொண்ணு, பாவம்.

ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் இருந்தா இதுங்களோட சேர்க்காதீங்க, கால் விரலைக் கடிச்சுடும்.

பெருமாள்மலைக்காரி:
எல்லாருக்கும் நன்றி, லேட்டா எழுதுறேன், மன்னிச்சுக்குங்க. அன்னிக்கே பையன் ரூமுக்கு மாத்திட்டேன், பேரு வள்ளி. முதல் வாரம் 84 கிராம், 42வது நாள் 91. முதல் மூணு நாள் ராத்திரி நானும் அந்த ரூம்லயே படுத்தேன். கூண்டு கிட்ட கொண்டுவர இன்னும் பதினாறு நாள் ஆச்சு, நடுவுல ரெண்டு தடவை திரும்ப தள்ளி வச்சேன். நேத்து மேஜை மேல முத்து தலையைக் குனிஞ்சு அவ முன்னாடி நீட்டினான், அவ கொண்டைக்குக் கீழ இருக்கிற முடியை ஒண்ணொண்ணா கோதி விட்டா, அவன் கண்ணை மூடிட்டு அப்படியே நின்னான். நெஞ்சுல சொட்டையா இருந்த இடத்துல ஊசி ஊசியா புது இறகு முளைக்குது. தீனிக் கப்புகிட்ட மட்டும் இன்னும் சண்டை, பெரிய கூண்டோட மூணாவது கப்பு ஒண்ணும் வாங்கிடலாம்னு இருக்கேன், சரிதானே தாண்டிகுடி ஐயா?