பாய்ப்பலகை உறுப்புகள்: ‘பருமல்’ பொருந்துமா?

நின்றபடி பாயைப் பிடித்து நீரில் ஓட்டும் பாய்ப்பலகையின் (windsurfer) உறுப்புகளுக்குப் பெயரிடும்போது கரையோர மக்களிடம் வழங்கும் சொற்களையே முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற கருத்தை முழுமனத்துடன் ஏற்கிறேன். ஆயினும் முல்லைத்தீவுக் கரையில் வளர்ந்தவன் என்ற முறையில், ‘பூம்’ (boom) என்னும் கழிக்குப் ‘பருமல்’ அல்லது ‘கவர்த்தடி’ என்று பெயரிடலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. பருமல் பாயின் தலைப்பைத் தாங்கிப் பாய்மரத்தில் குறுக்காகத் தொங்குவது. இங்கே நாம் பேசுவதோ, நிற்பவரின் நெஞ்சளவு உயரத்தில் பாயை இருபுறமும் அணைத்து வளைந்து, முன்னே மரத்தோடும் பின்னே பாயின் கடைமுனையோடும் சேரும் கழி. ‘கவர்த்தடி’ என்றால் ஒரு முனை பிரிந்து நிற்க வேண்டும். இதற்கோ இரு முனைகளும் கூடிவிடுகின்றன.

வள்ளத்தில் தாமான் கயிற்றை இழுத்தும் நெகிழ்த்தியும் பாய் வாங்கும் காற்றை அளவாக்குவார்கள். பாய்ப்பலகையில் தாமானே இல்லை. அந்த வேலை முழுவதையும் கழியைப் பற்றிய இரு கைகளும் செய்கின்றன. ஆகவே ‘பிடிகழி’ என்பதே என் முன்மொழிவு. வளைவைப் பெயரில் ஏற்றாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. 1958 இல் பீட்டர் சில்வர்ஸ் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன் இங்கிலாந்தில் செய்த பலகையில் கழிகள் நேரானவை; பயன்படுத்தும்போதுதான் அவை வளைந்தன. அமெரிக்கர்களான ஹொயில் சுவைட்சரும் ஜிம் டிரேக்கும் 1968 இல் காப்புரிமை கோரிய அமைப்பிலோ அவை முன்பே வளைந்தவை. இந்த வேறுபாடு பின்னர் இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்றது. பிடிகழி என்னும் பெயர் இரண்டுக்கும் பொருந்தும்.

பாய்மரத்தின் அடியிலுள்ள ‘யுனிவர்சல் ஜாயின்ட்’ (universal joint) என்னும் இணைப்புக்கு ‘அகில மூட்டு’ என்றார் ஒரு நண்பர். அகிலம் உலகைக் குறிக்கும். இந்த மூட்டின் சிறப்போ மரம் எல்லாத் திசையிலும் சாயக்கூடியதாக இருப்பது. சுக்கான் இல்லாத இந்தக் கலத்தைத் திருப்புவதும் அந்தச் சாய்வுதான்: பாயை முன்னே சரித்தால் அணியம், அதாவது கலத்தின் முன்பகுதி, காற்றை விட்டு விலகும், பின்னே சரித்தால் காற்றை நோக்கித் திரும்பும். ‘எத்திசை மூட்டு’ என்றால், தோள்மூட்டைப் பாடத்தில் படித்த எந்தப் பிள்ளைக்கும் அதன் வேலை விளங்கிவிடும்.

பாய் படபடக்காமல் வடிவத்தைப் பேணுவதற்காகக் குறுக்கே செருகும் மெல்லிய பட்டைகளுக்கு ‘வரிச்சு’ போதும். வேலிக்கும் கூரைக்கும் வரிச்சுக் கட்டிப் பழகிய வன்னியில் இதை விளக்கவே வேண்டியதில்லை. பலகையின் அடியில் பின்புறமாக உள்ளது ‘செட்டை’. துடுப்பு என்றால் தண்டு வலிப்பதுதான் நினைவுக்கு வரும். கால் நுழைக்கும் பட்டி ‘பாதவார்’. நீரில் விழுந்த பாயை மரத்தோடு சேர்த்து நிமிர்த்தும் கயிற்றை ஆஞ்சான் என்பது பிழையாகும். ஆஞ்சான் நிற்கும் மரத்தில் பாயை ஏற்றுவது. அதனால் இதனைத் ‘தூக்குகயிறு’ என்போம்.

பலகையின் நடுவே கீழிறக்கி, பக்கவாட்டில் வழுக்கிச் செல்வதைத் தடுக்கும் பலகைக்கு மட்டும் ‘இறக்குபலகை’ என்பதைத் தற்காலிகமாகவே எழுதியுள்ளேன். பாய் வள்ளம் ஓட்டிய முதியவர்கள் எவரேனும் மன்னார், பூநகரிப் பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருந்தால், வள்ளம் பக்கமாக ஒதுங்காமலிருக்க நீருக்குள் இறக்கும் பலகையை அவர்கள் என்ன பெயரிட்டு அழைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அந்தச் சொல் கிடைத்தால் என்னுடையதை உடனே விட்டுவிடுகிறேன்.