சென்ஸரி டாய்: ‘புலன்தூண்டு பொம்மை’ வேண்டாமே

வணக்கம்.

தொடுதல், ஒலி, ஒளி என்று புலன்களுக்கு வேலை கொடுக்கும் பொம்மையான சென்ஸரி டாய்க்குத் தமிழ்ச் சொல்லாக நீங்கள் தந்த ‘புலன்தூண்டு பொம்மை’ சொல்ல அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள ‘தூண்டு’ போக வேண்டும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குப் பொம்மை வடிவமைக்கிற அனுபவத்தில் சொல்கிறேன்.

புலன்கள் தருவதற்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாகச் சேர்த்தது. மிகை, குறை இரண்டும் ஒரே குழந்தையிடமே இருக்கலாம். சத்தம் தாங்காத பிள்ளையே இறுக்கி அணைத்தால் அமைதியாகலாம்.

முன்பு ஒரு பொம்மை செய்தேன். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், மணி அடிக்கும், உள்ளே ஒரு சின்ன மோட்டார் அதிரும். மணி அடித்ததுமே ஒரு சிறுவன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டான். மணிக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டு, பொம்மையைத் தரையில் வைத்துவிட்டு விலகி உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து வந்தான். அதை எடுத்துத் தாடையில் அழுத்திக்கொண்டு, அதிர்வு அடங்க அடங்கப் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தினான். அடுத்த மாதிரியில் ஒலி, ஒளி, அதிர்வு மூன்றுக்கும் தனித்தனி சுவிட்ச் வைத்தேன். பெயரிலேயே ‘தூண்டு’ இருந்தால், செய்கிறவர்கள் சத்தத்தையும் வெளிச்சத்தையும் கூட்டிக்கொண்டேதான் போவார்கள்.

‘உணர்வுப் பொம்மை’யும் சரிவராது; அழுகை, சிரிப்புப் பக்கம் போய்விடும். ‘புலன் பொம்மை’ போதும். புலன் ஐந்துதானே என்று கேட்கலாம். தசையும் மூட்டும் உணர்கிற உடலசைவு, உட்காது உணர்கிற சமநிலை இரண்டையும் இந்தத் துறையில் புலனாகவே கொள்கிறார்கள்; சொல்லும் அதற்கு இடம் கொடுக்கட்டும். வகை பிரிக்க வேண்டிய இடத்தில் தூண்டு பொம்மை, தணி பொம்மை என்போம். மடியில் வைக்கும் எடைப்பை தணி பொம்மை.

அப்புறம், மணலோ தண்ணீரோ நிரப்பிக் கைவிட்டு விளையாடும் தொட்டியான ‘சென்ஸரி பின்’ (bin) என்பதற்கு ‘அளைதொட்டி’ என்று வைக்கலாமா? ‘தண்ணீரில் அளையாதே’ என்று பிள்ளைகளை அதட்டுகிறோமே, அதே அளைதல்தான். இங்கே அளையச் சொல்லியே கொடுக்கிறோம்.

விரலால் திருகி உருட்டும் ஃபிட்ஜெட்டுக்குத்தான் சொல் அமையவில்லை. ‘துறுதுறு பொம்மை’ என்று வாயில் வருகிறது. ஆனால் துறுதுறுப்பு பிள்ளையின் குணத்தைச் சொல்கிற சொல். விரலுக்கு வேலை கொடுத்து மனத்தை ஓரிடத்தில் நிறுத்த உதவும் பொருளுக்கு அது பொருந்தவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.