மறு: 'ரிம்' – விளிம்பா, கரையா, வரையா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

விண்கல் மோதிய குழியின் 'ரிம்' என்பதற்கு நம் கட்டுரையில் என்ன தமிழ்ச் சொல் போடுவது என்ற இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. நாம் முடிவுக்கு வருவதற்குள் ஊர்தி போய்ச் சேர்ந்துவிடும் போலிருக்கிறது. 2008 ஆகஸ்டில் விக்டோரியா என்ற குழியிலிருந்து ஏறி வெளியே வந்த நாசாவின் செவ்வாய் ஊர்தி ஆப்பர்ச்சூனிட்டி, மெரிடியானி சமவெளியில் மூன்றாண்டுகளாக உருண்டு இப்போது, 2011 ஜூலைக் கடைசியில், எண்டெவர் என்ற பெரிய குழியின் மேற்குப் பக்கத்தை நெருங்கிவிட்டது. கிளம்பியபோது நேர்க்கோட்டில் 12 கிலோமீட்டர் என்றார்கள். வழியில் பெரிய மணல் அலைகள். 2005இல் அப்படி ஒன்றில் சக்கரம் புதைந்து, மீட்க ஐந்து வாரம் போல ஆன அனுபவம் இருப்பதால் சுற்றிக்கொண்டு வந்தார்கள். ஓடிய தூரம் 20 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. 90 நாள் வேலைக்கென்று அனுப்பிய ஊர்தி இது.

'கிரேட்டர்' கிண்ணக்குழிதான் என்பது முடிந்துபோன கதை, அதை மறுபடி கிளற வேண்டாம். 'ரோவர்' தரையூர்தி, சரி. செவ்வாய்க் கோளின் ஒரு நாளைக் குறிக்கும் 'சோல்' என்பதற்குச் செவ்வாய்நாள் என்று ஏற்கெனவே எழுதிக்கொண்டிருக்கிறோம், யாரும் முகம் சுளிக்கவில்லை. மிச்சம் இருப்பது 'ரிம்' ஒன்றுதான். வந்த யோசனைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> விளிம்பு என்று எல்லோருக்கும் தெரிந்த சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

நியாயமான கேள்வி. இதுவரை விளிம்பை வைத்தே ஒப்பேற்றினோம் என்பதும் உண்மை. 2004 ஜனவரியில் ஊர்தி இறங்கிய ஈகிள் குழி 22 மீட்டர் அகலம். அடுத்துப் பார்த்த எண்டூரன்ஸ் சுமார் 130 மீட்டர். 2006 செப்டம்பரில் போய் எட்டிப்பார்த்த விக்டோரியா ஏறக்குறைய 750 மீட்டர். விக்டோரியாவின் படங்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் தட்டையான சமவெளி, அந்தப் பக்கம் பாறைச் சுவர் இறங்குகிறது, நடுவே ஒரு கோடு. அங்கே விளிம்பு என்று எழுதினால் படிப்பவருக்கு அப்படியே கண்ணில் தெரியும். விழுந்துவிடுவோமோ என்ற பயமும் சேர்ந்து வரும். அந்தச் சொல்லின் வேலையே அதுதான்.

எண்டெவர் வேறு சாதி. குறுக்களவு 22 கிலோமீட்டர். ஆழம் 300 மீட்டர் அளவுக்குத்தான். 2009 மார்ச்சில் தொடுவானத்தில் அதன் 'ரிம்' முதன்முதலாகத் தெரிந்தபோது யாருக்கும் குழி எதுவும் தெரியவில்லை. தெரிந்தது குன்றுகள். நாசா தினமும் திருத்தாமல் அப்படியே ஏற்றிவிடும் வழிகாட்டிக் கேமரா படங்களைத் திறந்து பாருங்கள். கருப்பு வெள்ளைப் படம். கீழ்ப்பாதி முழுக்க மணல் அலைகள், அலைகளுக்கு நடுவே வெளிறிய பாறைத் தளம் திட்டுத்திட்டாக. பின்னோக்கி ஓட்டிய நாட்களில் சக்கரத் தடம் இரண்டும் படத்தின் நடுவே நீண்டு போகும். அதற்கெல்லாம் மேலே, வானத்தை ஒட்டி, நகக்கண் அளவு சாம்பல் நிற மேடுகள். அந்த மேடுகள்தான் நம் 'ரிம்'. "ஊர்தி எண்டெவரின் விளிம்பை நெருங்குகிறது" என்று எழுதினால் வாசகர் பள்ளத்தின் ஓரத்தில் வண்டி தயங்கி நிற்பதாக நினைப்பார். உண்மையில் வண்டி ஒரு மேட்டின் அடிவாரத்துக்குப் போகிறது, அதன்மேல் ஏறப்போகிறது.

அது மேடாக இருப்பதும் தற்செயல் இல்லை. விண்கல் மோதும்போது தரை குழிவதோடு நிற்பதில்லை. சுற்றியிருக்கும் பாறை அடுக்குகள் உந்தி எழும்புகின்றன, உள்ளிருந்து பிய்ந்தது வெளியே வந்து அவற்றின்மேல் விழுகிறது. அரிசோனாவில் இருக்கும் 1.2 கிலோமீட்டர்க் குழியைச் சுற்றி ஏறக்குறைய 45 மீட்டர் உயரத்துக்கு இப்படி எழும்பியிருக்கிறது. அங்கே அடுக்குகள் தலைகீழாக மடிந்து கிடக்கின்றன, அடியில் இருந்த பாறை மேலே, மேலே இருந்தது அடியில். நிலவியலாளர் யூஜீன் ஷூமேக்கர் அது எரிமலை வேலையில்லை, மோதல்தான் என்று நிறுவியதற்கு அந்த மடிப்பும் ஒரு சாட்சி. நம் பக்கத்தில் மகாராஷ்டிரத்தில் லோனார் இருக்கிறது. 1.8 கிலோமீட்டர் அகலம். சுற்றுப்புறத்தைவிட 20 மீட்டர் போல உயர்ந்த மேடு அதைச் சூழ்ந்திருக்கிறது. போனவர்கள் சொல்வார்கள், முதலில் லேசாக ஏற வேண்டும், அப்புறம்தான் ஏரி கண்ணில் படும்.

எண்டெவரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது மிகப் பழையது. மெரிடியானி முழுக்கப் பரவியிருக்கும் சல்பேட் மணற்பாறை பிற்பாடு வந்து படிந்து அதைப் பாதி மூடிவிட்டது. உயரமான துண்டுகள் மட்டும் தீவுகள் மாதிரித் தலை நீட்டுகின்றன. இப்போது ஊர்தி போகும் கேப் யார்க் அப்படி ஒரு தாழ்வான துண்டு. தெற்கே ஓர் இடைவெளி, அதற்குப் பாட்டனி பே என்று பெயர். அப்புறம் சொலாண்டர் முனை, கேப் டிரிபுலேஷன். கடலோடி ஜேம்ஸ் குக் எண்டெவர் என்ற கப்பலில் போன பயணத்திலிருந்து எடுத்த பெயர்கள். (ஜூன் 1ஆம் தேதி தன் கடைசிப் பயணத்தை முடித்துத் தரையிறங்கிய விண்ணோடம் எண்டெவரின் பெயரைக் குழிக்கு வைத்தார்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. விண்ணோடத்துக்குத்தான் மூலம் குக்கின் கப்பல்; குழியின் அதிகாரப்பூர்வப் பெயர் கனடாவில் இருக்கும் எண்டெவர் என்ற ஊரிலிருந்து வந்தது.)

ஆக, 'ரிம்' இங்கே குழிக்குப் போகிற வழியில் கடந்துபோகும் எல்லை இல்லை. போக வேண்டிய இடமே அதுதான். சுற்றுக்கலத்திலிருந்து பார்த்ததில் களிமண் கனிமங்கள் தென்பட்டிருப்பது இந்த மேடுகளில். அமிலத் தண்ணீரில் உருவான மணற்பாறையையே ஏழாண்டுகளாகப் பார்த்துச் சலித்தவர்களுக்கு, அதற்கும் முந்தைய, அமிலம் குறைந்த தண்ணீர் தொட்ட பாறை கிடைக்கப்போகிறது. குழிக்குள் இறங்குவதில் யாருக்கும் பெரிய ஆர்வம் இருப்பதாகத் தெரியவில்லை. இப்போது விளிம்பை வைத்து எழுதிப் பாருங்கள்: "விளிம்பின் அகலம்", "விளிம்பின் உச்சி", "விளிம்பின் அடிவாரம்", "விளிம்பு தேய்ந்து தீவுகளாக நிற்கிறது". ஒன்றாவது ஒட்டுகிறதா? கோட்டுக்கு ஏது அடிவாரம்?

> கரை என்று சொல்லுங்கள். எங்கள் ராமநாதபுரத்துக் கண்மாய்க்கரையைப் பார்த்தவருக்கு விளக்கமே வேண்டாம்.

இதைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்தேன். கண்மாய்க்கரை கோடு இல்லை. அதற்கு உயரம் உண்டு, அகலம் உண்டு, மேலே நடக்கலாம், சில ஊரில் பேருந்தே போகும். உள்ளே வெட்டிய மண்ணை ஓரத்தில் போட்டு எழுப்பியது. உட்சரிவு வேறு, வெளிச்சரிவு வேறு. உட்சரிவில் கல் பதித்திருக்கும், வெளிச்சரிவில் பனை நிற்கும். 'ரிம்' பற்றிச் சொல்ல வேண்டிய அத்தனைக்கும் அங்கே பேச்சு தயாராக இருக்கிறது. கேப் யார்க்குக்கும் சொலாண்டருக்கும் நடுவே கரை அற்றுப்போன இடத்தை 'உடைப்பு' என்று சொன்னால் எந்தச் சம்சாரிக்கும் புரியும்.

நிலவியல் பேராசிரியர் ஐயா ஒரு மறுப்பு சொன்னார்: கரை கொட்டி எழுப்புவது, 'ரிம்'மில் பெரும்பகுதி அடியிலிருந்து உந்தி எழுந்தது, இரண்டும் ஒன்றாகாது. ஐயா சொல்வது சரி. ஆனால் உருவானவிதம் முழுவதையும் ஒரு சொல்லுக்குள் திணிக்க வேண்டும் என்றால் கிண்ணக்குழியும் தேறாது, அதிலும் மோதல் என்ற செய்தி கிடையாதே. சொல் வடிவத்தைக் காட்டினால் போதும், பிறப்பைக் கட்டுரை சொல்லிக்கொள்ளும் என்பது என் கட்சி.

கரையில் எனக்கு இருக்கும் தயக்கம் வேறு. தண்ணீர். போன வாரம், ஜூலை 22ஆம் தேதி, அடுத்த ஊர்தி கியூரியாசிட்டி இறங்கப்போகும் இடம் கேல் என்ற குழி என்று அறிவித்துவிட்டார்கள். 154 கிலோமீட்டர் அகலம், நடுவே அடித்தளத்திலிருந்து 5 கிலோமீட்டர் உயரத்துக்கு அடுக்கடுக்காய் ஒரு மலை. அங்கே ஏரி இருந்ததா என்பதுதான் வரும் ஆண்டுகளில் நாம் எழுதப்போகும் விஷயம். அப்போது "கேலின் கரை" என்றால் எது? மோதலில் எழுந்த வளையமா, என்றோ தண்ணீர் தொட்ட ஓரமா? ஒரே பத்தியில் இரண்டும் வரும். அங்கே மாட்டிக்கொள்வோம்.

> வரை. மலையும் அதுதான், எல்லையும் அதுதான். இதைவிடப் பொருத்தம் வேறு கிடைக்குமா?

கிடைக்காது. பொருளை மட்டும் பார்த்தால் இந்த இழையிலேயே அழகான யோசனை இதுதான், அதைச் சொன்ன அம்மாவுக்கு என் வணக்கம். எல்லையாக நிற்கும் மலை, இரண்டெழுத்து போல ஒரு சொல். ஆனால் வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: "ஊர்தி எண்டெவர் வரை சென்றது." தீர்ந்தது. வளையத்துக்குப் போனதா, எண்டெவர் மட்டும் போய் நின்றதா, எழுதியவருக்கே தெரியாது. வட்டவரை, சூழ்வரை என்று முன்னொட்டுப் போட்டுத் தப்பிக்கலாம். கவிதைக்கு ஆகும். செய்திக் குறிப்பில் "சூழ்வரையின் பாறை மாதிரி" என்று வந்தால் பாதிப்பேர் அச்சுப்பிழை என்பார்கள்.

இதே வரிசையில் கோடு என்ற சொல்லையும் யாராவது எடுத்து வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். திருச்செங்கோட்டில் கோடு என்பது மலை. "குளவளாக் கோடின்றி நீர்நிறைந் தற்று" என்ற குறளில் அதே கோடு குளத்தின் கரை. மேடும் கரையும் ஒரே சொல்லில், நமக்கென்றே செய்து வைத்த மாதிரி. என்ன செய்வது, இன்றைக்குக் கோடு என்றால் ஸ்கேல் வைத்துப் போடுவது. விளிம்பை எதற்காகத் தள்ளினோமோ அங்கேயே திரும்பி வந்து நிற்போம்.

> எதற்கு இவ்வளவு பாடு? ரிம் என்றே எழுதிவிடலாமே.

தம்பி, ரிம் என்றால் நம் ஊரில் சைக்கிள் கடை. அதுவும் இந்த ஊர்திக்கு ஆறு சக்கரம். வலது முன்சக்கர மோட்டார் மின்சாரத்தை அதிகமாக இழுக்கிறது என்று அதைக் காப்பாற்றப் பல நாள் பின்னோக்கியே ஓட்டுகிறார்கள். "ஆப்பர்ச்சூனிட்டி ரிம்மில் சிக்கல்" என்று தலைப்புப் போட்டால் எதை நினைப்பார்கள்?

என் முன்மொழிவு: நிலவடிவத்துக்குக் கரைமேடு. கரை என்ற சொல் தரும் வசதிகள் எல்லாம் அப்படியே இருக்கும், பின்னால் நிற்கும் மேடு தண்ணீரைத் தள்ளி நிறுத்தும். ஏரி பற்றிப் பேசும்போது கரை என்ற சொல் தனியாக, அதன் பழைய வேலைக்கு, கையில் இருக்கும். விளிம்பையும் தூக்கி எறிய வேண்டாம். பள்ளம் தொடங்கும் அந்த ஓரம், அதாவது கரைமேட்டின் உச்சியிலிருந்து உட்சரிவு இறங்கும் இடம், அது விளிம்பு. விக்டோரியாவில் நாம் பார்த்தது அதைத்தான். இரண்டு பொருளுக்கு இரண்டு சொல். ஆங்கிலத்தில் ஒன்று போதும் என்பதற்காக நாமும் ஒன்றோடு நிற்க வேண்டியதில்லை.

சோதனைக்குச் சில வாக்கியங்கள்:

"எண்டெவரின் மேற்குக் கரைமேடு பல துண்டுகளாக உடைந்து நிற்கிறது, ஊர்தி முதலில் தொடப்போவது கேப் யார்க் என்ற தாழ்வான துண்டு."

"விக்டோரியாவின் விளிம்பில் நின்று உட்சரிவைப் படமெடுத்தது."

"லோனாரின் கரைமேடு பசால்ட் பாறையால் ஆனது."

"கரைமேட்டின் வெளிச்சரிவில் கிடக்கும் எறிபாறைகள்."

என் காதுக்கு நான்கும் உறுத்தவில்லை. கடைசி வாக்கியத்தில் 'எறிபாறை' என்று சும்மா போட்டிருக்கிறேன், 'எஜெக்டா'வுக்கு. அதைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம், இங்கே வேண்டாம். வட்டமேடு, வளைமேடு இரண்டும் எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தன. ஆனால் மெரிடியானியில் மணல்மேடும் வளைந்துதான் கிடக்கிறது, எது எதுவென்று தெரியாமல் போகும். 'மதில்' வேண்டாம், கோட்டை ஞாபகம் வருகிறது. 'உதடு' சொன்னவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. ஊர்தி போய்ச் சேரும் முதல் இடத்துக்கு ஸ்பிரிட் பாயிண்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், 2010 மார்ச்சுக்குப் பிறகு பேசாமல் போய்விட்ட இரட்டை ஊர்தியின் நினைவாக. கூப்பிட்டுப் பார்ப்பதையும் இந்த மே மாதம் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெயரை 'ஸ்பிரிட் முனை' என்று எழுதலாம், ஸ்பிரிட்டை மொழிபெயர்த்து 'ஆவி முனை' ஆக்கிவிட வேண்டாம். சிரிப்புக்குச் சொல்லவில்லை, ஒரு வரைவில் பார்த்தேன்.

கட்டுரை வரைவில் இன்றிரவே கரைமேடு என்று மாற்றி வைக்கிறேன். பேராசிரியர் ஐயாவும் ராமநாதபுரத்து நண்பரும் ஒரு வார்த்தை சொன்னால் நல்லது. மறுப்பு உள்ளவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள், கூடவே "கேப் யார்க்" வாக்கியத்தில் அதைப் போட்டுக் காட்டுங்கள். ஊர்தி அங்கே ஏறியதும் கட்டுரையை அனுப்பியாக வேண்டும், அதற்கு இன்னும் ஓரிரு வாரம்தான் இருக்கிறது.