பட்டான் மலை ரோட்ல ஸ்கூட்டர் ஏற மாட்டேங்குது, யாராச்சும் சொல்லுங்க

ஃபிலிப்பைன்ஸ் பட்டான் தீபகற்பத்துல பலாங்கால இருக்கேன். வண்டி வாடகை ஸ்கூட்டர், 125 சிசி ஆட்டோமேட்டிக், 38,000 கி.மீ. ஓடினது.

முந்தாநாள் சமாத் மலை ஏறும்போது ஆரம்பிச்சது. சமதளத்துல 60-ல போகுது, ஏத்தம் வந்தா இன்ஜின் மட்டும் கத்துது, வேகம் 15-க்கு இறங்கி ரப்பர் கருகுற வாடை. அரை மணி நேரம் ஆறவிட்டா அஞ்சு நிமிஷம் நல்லா இழுக்குது, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

ஆயில், பிளக் மாத்தியாச்சு, ஏர் ஃபில்டர் தட்டியாச்சு. வாடகைக்காரர் 'மலைன்னா அப்படித்தான்'ங்கறார்.

இங்க மலைக்குத் தப்பவே முடியாது, வடக்க நாதிப், தெக்க மாரிவெலஸ்னு ரெண்டு பழைய எரிமலைதான் தீபகற்பமே. ரெண்டாம் உலகப்போர்ல 1942 ஏப்ரல் 9 சரணடைஞ்ச அமெரிக்க, ஃபிலிப்பைன்ஸ் சிப்பாய்ங்கள ஜப்பான்காரங்க சான் ஃபெர்னாண்டோ வரைக்கும் நூறு கி.மீ. நடக்கவிட்டாங்கல்ல, அந்த வழில இருக்கிற கி.மீ. கல்லுங்கள மாரிவெலஸ் ஊர்லேர்ந்து ஒண்ணொண்ணா பாத்துட்டு வரணும்னு ஆசை, ஆனா அந்த ஊர் பக்கத்துலயே கொண்டை ஊசி வளைவு ஏத்தம்.

ஞாயித்துக்கிழமை கிளம்பணும். மெக்கானிக்கிட்ட இன்ஜின் இழுவைய பின்பக்கம் கொண்டுபோற பெல்ட்ட மாத்தச் சொல்லவா, அத பின்சக்கரத்தோட சேக்கற கிளட்ச் ஷூவையா?