ஏசிஎல் ஆபரேஷனுக்குப் பிறகு டிரெட்மில்லில் மட்டும் நொண்டுகிறேன், ஏன்?

கேள்வி:
வலது முழங்காலில் ஏசிஎல் ஜவ்வு கிழிந்து, பின்தொடைத் தசைநாணை எடுத்து வைத்து ஆபரேஷன் செய்தார்கள். ஒன்றரை மாதம் ஆகிறது. கிரச்சஸை விட்டாயிற்று. தரையில் ஓரளவு ஒழுங்காக நடக்கிறேன். பிசியோ டிரெட்மில்லும் ஆரம்பிக்கச் சொன்னார். ஆனால் பெல்ட் மேல் ஏறினால் கால் தானாக நொண்டுகிறது, கைப்பிடியை விடப் பயம். வேகம் மணிக்கு 3 கி.மீ. தான். சாய்வு ஏற்றினால் தொடைக்குச் சீக்கிரம் பலம் வருமா?

பதில் 1:
சாய்வை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நானும் இதே ஆபரேஷன் செய்துகொண்டவன். முதலில் ஒன்று பாருங்கள்: மல்லாந்து படுத்து, குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வையுங்கள். இரண்டு முழங்கால்களும் ஒரே மாதிரி நீள்கின்றனவா? ஆபரேஷன் கால் முழுசாக நீளாவிட்டால் குதிகால் முதலில் படாது, நொண்டத்தான் செய்வீர்கள். தரையில் அதைச் சமாளித்துவிடலாம், பெல்ட் உங்களுக்காக நிற்காதே.

வேகத்தை 2-க்கு இறக்குங்கள். கைப்பிடியில் விரல் மட்டும் படட்டும். அதில் சாய்ந்தால் எடை கைக்குப் போய்விடும், காலுக்குப் பயிற்சியே இல்லை. பாட்டு கேட்காமல் காலடிச் சத்தத்தைக் கேளுங்கள். இரண்டு பக்கமும் ஒரே சத்தம், ஒரே இடைவெளி வரவேண்டும். அது கெட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், இறங்கிவிடுங்கள். மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தால் நேரத்தைக் குறையுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஒன்று சேர்க்கிறேன். புது ஜவ்வு உடம்போடு ஒட்டி மாறும் இந்த முதல் சில மாதங்களில்தான் பலவீனமாக இருக்கும். வலி குறைந்துவிட்டதே என்று ஓட ஆரம்பிப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். மெனிஸ்கஸும் (முழங்காலுக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு) தைத்தார்களா? அப்படியானால் உங்கள் அட்டவணையே வேறு.

கேட்டவர்:
மெனிஸ்கஸ் தொடவில்லை. துண்டு வைத்துப் பார்த்தேன், வலது கால் கொஞ்சம் மடங்கியே நிற்கிறது! நாளை பிசியோவிடம் காட்டுகிறேன். பின்னோக்கி நடப்பது நல்லது என்கிறார்களே?

பதில் 1:
முன்தொடைக்கு நல்லதுதான். ஆனால் கால் முழுசாக நீண்ட பிறகு, பிசியோ பக்கத்தில் நிற்கும்போது மட்டும், மிக மெதுவாக. தடுமாறினால் பெல்ட்டை நிறுத்தும் பாதுகாப்பு கிளிப்பைச் சட்டையில் மாட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், கெண்டைக்காலில் திடீரென்று வலியும் வீக்கமும் வந்தால் அது ரத்தக்கட்டியாகவும் இருக்கலாம், பிசியோ வரும்வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரைப் பாருங்கள்.