உதவி: 20 நிமிஷம் ஓடவிட்டும் ஹீட்டர் சூடாகல, எவ்வளவு நேரம் வார்ம்-அப் பண்ணணும்?

உறைபனி_ஓட்டி · காலை 7:38
வணக்கம், அவசரம், சுருக்கமா சொல்றேன். ஒரு வாரமா செம குளிர். காலைல வண்டிய ஸ்டார்ட் பண்ணி 20 நிமிஷம் அப்படியே ஓடவிடுறேன். அப்பவும் ஹீட்டர்ல வெதுவெதுப்புகூட இல்ல, சூடு காட்டுற ஊசி அடியிலயே கிடக்கு. ஸ்டார்ட் ஆனதும் கடகடன்னு சத்தம், கொஞ்ச நேரம் உதறல். போன குளிர்காலத்துல இப்படி இல்ல. எத்தனை நிமிஷம் சூடு பண்ணினா சரியா வரும்? 30 போதுமா? எட்டரைக்குக் கிளம்பணும்.

திருப்புளி · 7:44
பெட்ரோலா டீசலா? எந்த இன்ஜின், எத்தனை கிலோமீட்டர் ஓடினது? வெளிய எத்தனை டிகிரி? "செம குளிர்"னா ஒருத்தருக்கு 8, இன்னொருத்தருக்கு மைனஸ் 25. கூலண்ட் (இன்ஜினக் குளிர்விக்கிற திரவம்) அளவு பார்த்தீங்களா? ஊசி ஓட்டும்போதாவது ஏறுதா, ஓட்டினாலும் அடியிலயேவா? கடைசிக் கேள்விக்குத்தான் முதல்ல பதில் வேணும்.

வோல்ட்மீட்டர் · 7:51
உதறல்னாலே பேட்டரியப் பாருங்க பாஸ். ராத்திரி முழுக்க நின்ன வண்டியில, சாவி போடுறதுக்கு முன்னாடி அளங்க. 12.6 வோல்ட் இருந்தா முழு சார்ஜ். 12.4 முக்கால், 12.2 பாதி. ஸ்டார்ட்டர் சுத்தும்போது 9.6-க்குக் கீழ விழுந்தா பேட்டரி போகப்போகுது. காலியான பேட்டரி மைனஸ் 10 பக்கத்துலயே உறைஞ்சுடும். உறைஞ்சதுக்கு ஜம்பர் போடவே கூடாது, வெடிக்கும்.

மசகுமணி · 7:58
பேட்டரி சரியில்லன்னா ஸ்டார்ட்டே ஆகாது நண்பா, ஹீட்டருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? ஆயில் என்ன கிரேடுன்னு கேளுங்க. 15டபிள்யூ-40 ஊத்தியிருந்தா இந்தக் குளிர்ல தேன் மாதிரி நிக்கும். டபிள்யூவுக்கு முன்னாடி இருக்கிற எண்தான் குளிருக்கு: குளிர்ல இன்ஜின் சுத்துதான்னு பார்க்கிற சோதனை 15டபிள்யூவுக்கு மைனஸ் 20-ல், 5டபிள்யூவுக்கு மைனஸ் 30-ல், 0டபிள்யூவுக்கு மைனஸ் 35-ல். கடகட சத்தம் ஆயில் மேல ஏறாததால வர்றது.

பழையபிஸ்டன் · 8:05
தம்பி, பக்கத்தின் மேலே தேடும் வசதி என்று ஒன்று இருக்கிறது. இதே கேள்வி ஒவ்வொரு குளிர்காலமும் வருகிறது, ஒவ்வொரு முறையும் இதே பதிலைத்தான் சொல்கிறோம். இன்ஜின் சூடாவதற்கு முன் வண்டியை நகர்த்துவது கொலைக்குச் சமம். 20 நிமிடம் பொறுமை இல்லாதவர்கள் பேருந்தில் போகலாம். ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு அட்டையைச் செருகிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

உறைபனி_ஓட்டி · 8:09
டீசல், 1.5 டர்போ, 1,10,000 கி.மீ. மைனஸ் 11. கூலண்ட் குறியீட்டுக்குள்ளதான் இருக்கு. ஓட்டினா ஊசி பாதிக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் ஏறும், நெடுஞ்சாலை போனா திரும்ப இறங்கிடும், சிக்னல்ல நின்னா ஏறும். கராஜுக்குள்ளதான் ஓடவிடுறேன், கதவு பாதி திறந்துதான் இருக்கு. முன் கண்ணாடி வேற உள்பக்கம் ஒரே மூட்டம்.

திருப்புளி · 8:13
முதல்ல வண்டிய வெளிய எடுங்க. பாதி திறந்த கதவு போதாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தலைவலி, மயக்கம் வந்த பிறகு யோசிக்கவே முடியாது. வெளிய நிறுத்தினாலும் புகைக்குழாய் வாய் பனியில புதைஞ்சிருக்கான்னு குனிஞ்சு பாருங்க.

கண்ணாடிக்கு: காத்த முன்கண்ணாடிப் பக்கம் திருப்பி ஏசிய ஆன் பண்ணுங்க, உள்காத்துச் சுழற்சிய மூடி வெளிக்காத்து எடுங்க. ஏசி ஈரத்த உறிஞ்சும். (உறைநிலைக்கு நெருங்கினா பல வண்டிகள்ல கம்பிரசர் தானா நின்னுடும். அப்ப வெளிக்காத்துதான் கை கொடுக்கும்.) வெளிப்பக்கப் பனிய சுரண்டுங்க, சுடுதண்ணி ஊத்தாதீங்க, கண்ணாடி கீறல் விட்டுடும்.

இனி விஷயத்துக்கு. நெடுஞ்சாலைல இறங்கி, சிக்னல்ல ஏறுதுன்னு சொன்னீங்க பாருங்க, அதுலயே பாதி விடை இருக்கு. தெர்மோஸ்டாட் (கூலண்ட் சூடாகுற வரைக்கும் ரேடியேட்டருக்குப் போற வழிய மூடி வைக்கிற வால்வு) திறந்தே சிக்கியிருக்கு. இருக்கிற சூட்ட எல்லாம் ரேடியேட்டர் முதல் நிமிஷத்துல இருந்தே வெளிய கொட்டுது. இப்படி இருந்தா 20 இல்ல, 60 நிமிஷம் நின்னாலும் ஏறாது.

மசகுமணி · 8:16
ஆயில் கிரேடு இன்னும் சொல்லல.

டீசல்தாசன் · 8:24
திருப்புளி சொன்னது சரின்னுதான் எனக்கும் படுது. ஆனா தெர்மோஸ்டாட் நல்லா இருந்தாலும் டீசல் ஐடில்ல (நின்ன இடத்துல ஓடவிடுறப்போ) சூடாகாதுங்கிறத புரிஞ்சுக்கணும். கணக்கு சின்னதுதான். ஒரு லிட்டர் டீசல்ல ஏறக்குறைய 10 கிலோவாட் மணி வெப்பம் இருக்கு. 1.5 டீசல் ஐடில்ல மணிக்கு அரை லிட்டர் எரிச்சா மொத்தமே 5 கிலோவாட். அதுல மூணுல ஒரு பங்குதான் கூலண்டுக்குப் போகும், ஒன்றரை கிலோவாட் சொச்சம். புளோயர மூணாம் நம்பர்ல வச்சா மைனஸ் 11 காத்த சூடாக்கவே அது பத்தாது. ஐடில்ல டீசல் தேவைக்கு மேல பல மடங்கு காத்த உள்ள இழுத்து வெளிய தள்ளுது, அதுவும் சூட்ட அடிச்சுட்டுப் போகும்.

அதனால: ஸ்டார்ட் ஆனதும் 30 வினாடியில இருந்து ஒரு நிமிஷம். மைனஸ் 20-க்குக் கீழன்னா ரெண்டு மூணு நிமிஷம். பிறகு கிளம்பிடுங்க. 2000 சுற்றுக்கு மேல போகாம, ஆக்ஸிலரேட்டர அழுத்தாம, புளோயர முதல் அஞ்சு நிமிஷம் கண்ணாடி மூடாத அளவுக்கு மட்டும் வச்சு ஓட்டுங்க. ஊசி நடுவுக்கு வந்தாலும் ஆயில் பின்தங்கித்தான் இருக்கும், அதனால இன்னொரு 10 நிமிஷம் டர்போவ விரட்டாதீங்க. கியர்பாக்ஸ் ஆயில், வீல் பேரிங், ஷாக் அப்சார்பர் இதெல்லாம் நின்ன இடத்துல சூடாகவே ஆகாது.

பழையபிஸ்டன் · 8:40
இணையத்தில் படித்த கணக்கு. உலோகம் விரிவடைய நேரம் வேண்டும் என்பது அடிப்படை. முப்பது வருடமாக எல்லோரும் முட்டாள்தனமாகவா சூடுபடுத்திக்கொண்டிருந்தார்கள்?

டீசல்தாசன் · 8:52
கார்புரேட்டர் வண்டிக்கு அது சரிதான் சார். குளிர்ல பெட்ரோல் ஆவியாகாம மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காத்து போற குழாய்) சுவத்துல துளியா படியும், சோக்க இழுத்து வச்சு சூடு ஏறுற வரைக்கும் நிக்கலன்னா வண்டி அணைஞ்சுடும். இப்ப சென்சார் பார்த்து இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) எரிபொருள் அளவ மாத்துது. உலோகம் விரியணும்னு நீங்க சொல்றதேதான் என் வாதமும்: நின்னா மெதுவா விரியும், மெல்ல ஓட்டினா சீக்கிரம் விரியும். பிஸ்டன் இடைவெளி சரியாகாத நிலையில 20 நிமிஷம் ஓட்டுறதவிட 5 நிமிஷம் ஓட்டுறது நல்லதா இல்லையா?

வோல்ட்மீட்டர் · 8:55
ஐடில்ல பேட்டரியும் சரியா சார்ஜ் ஆகாது. பின்கண்ணாடி ஹீட்டர், சீட் ஹீட்டர், விளக்கு, புளோயர் எல்லாம் போட்டா ஆல்டர்னேட்டர் குடுக்கிறது அதுக்கே சரியா போயிடும்.

உறைபனி_ஓட்டி · பகல் 12:31
ஆயில் 5டபிள்யூ-30. அப்புறம் ஒண்ணு, சம்பந்தம் இல்லன்னு நினைச்சு சொல்லல. டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கிற கம்பி) எடுத்துப் பார்த்தேன், ஆயில் மேக்ஸ் கோட்டுக்கு மேல இருக்கு. நான் ஊத்தவே இல்ல. டிபிஎஃப் (புகைக்கரி ஃபில்டர்) விளக்கு இந்த மாசம் ரெண்டு தடவை வந்து போச்சு.

திருப்புளி · 12:47
இதத்தான் காலையிலயே சொல்லியிருக்கணும். எல்லாம் ஒரே சங்கிலி.

கூலண்ட் குறிப்பிட்ட சூட்ட எட்டினாத்தான் டிபிஎஃப் தன்னைத் தானே எரிச்சு சுத்தம் பண்ண இசியு அனுமதிக்கும். உங்க தெர்மோஸ்டாட் அத எல்லைக்கோட்டுலயே வச்சிருக்கு. தொடங்கும், நெடுஞ்சாலைல சூடு இறங்கும், பாதியில நிக்கும். ஃபில்டர 600 டிகிரி பக்கம் கொண்டுபோக, சிலிண்டர் புகைய வெளித்தள்ளுற எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் நேரத்துல கூடுதலா டீசல் பீச்சுது. அதுல ஒரு பங்கு சிலிண்டர் சுவத்துல படிஞ்சு ரிங்கைத் தாண்டி கீழ ஆயிலோட கலக்குது. அதான் ஊத்தாமயே அளவு ஏறுது. தினம் 20 நிமிஷ ஐடில் புகைக்கரிய இன்னும் கூட்டுது. டிப்ஸ்டிக்க மோந்து பாருங்க, டீசல் வாடை வரும்.

ஆனா யூகத்துல பார்ட் வாங்காதீங்க. மூணு சோதனை பண்ணுங்க.

ஒண்ணு, ஈஎல்எம்327 மாதிரி, இசியு தகவலப் படிக்கிற ஒரு ஓபிடி கருவி. காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கூலண்ட் சூடு, வெளிச்சூட்டோட ஒண்ணு ரெண்டு டிகிரிக்குள்ள ஒத்துப்போகணும். ஒத்துப்போகலன்னா தெர்மோஸ்டாட்ட விட்டுட்டு சென்சாரப் பாருங்க. ஓட்டும்போது 15 நிமிஷத்துக்குள்ள 80-ஐத் தாண்டி அங்கயே நிக்கணும். நேர் சாலைல 60-க்கு இறங்கினா தெர்மோஸ்டாட் போச்சு. பி0128 கோடு (கூலண்ட் போதுமான சூட்ட எட்டலங்கிற பிழைக் கோடு) இருக்கான்னும் பாருங்க.

ரெண்டு, ரேடியேட்டருக்குப் போற மேல் ஹோஸ் (சில வண்டியில தெர்மோஸ்டாட் வேற பக்கம் இருக்கும்). நல்ல தெர்மோஸ்டாட்னா அது கடைசி வரை குளிர்ந்து கிடந்து, திடீர்னு ஒரே நிமிஷத்துல சுடும். ஸ்டார்ட் பண்ணின கொஞ்ச நேரத்துலயே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானா அது திறந்தே கிடக்கு.

மூணு, டேஷ்போர்டுக்குப் பின்னாடி தடுப்புச் சுவத்துக்குள்ள போற ரெண்டு ஹீட்டர் ஹோஸ். இன்ஜின் நல்லா சூடான பிறகு ரெண்டுமே சுட்டும் காத்து குளிர்ந்தா, உள்ள சூட்டுக் காத்தத் திருப்பி விடுற மடலோட மோட்டார் கோளாறு. ஒண்ணு சுட்டு ஒண்ணு குளிர்ந்தா ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குள்ள இருக்கிற குட்டி ரேடியேட்டர்) அடைப்பு, இல்ல காத்து மாட்டியிருக்கு. ரெண்டும் வெதுவெதுப்புன்னா திரும்பவும் தெர்மோஸ்டாட்தான்.

பழையபிஸ்டன் · 1:15
அட்டை வைத்தால் இதெல்லாம் எதற்கு? ஐந்து நிமிட வேலை.

திருப்புளி · 1:22
அட்டை கோளாற மறைக்கும், சரி பண்ணாது. தெர்மோஸ்டாட் நல்லா இருந்தா அது மூடியிருக்கிற வரைக்கும் ரேடியேட்டர் சுற்றுக்குள்ளயே இல்ல, அட்டைக்கு அங்க வேலையும் இல்ல. இது டர்போ வண்டி. முன்னாடியே இன்டர்கூலர் (டர்போ காத்தக் குளிர்விக்கிறது) இருக்கு, அதையும் சேர்த்து மூடுவீங்க. மலையேத்தத்துல சூடு ஏறினா இறங்கி அட்டைய யார் உருவுறது?

பழையபிஸ்டன் · 1:30
சரக்கு வண்டிகளுக்கு முன்புற மூடுதிரை விற்கிறார்களே, அவர்கள் எல்லாம் உங்களைவிட அறிவு குறைந்தவர்களா?

மசகுமணி · 1:34
அந்தத் திரையில காத்துக்குத் திறப்பு விட்டுத்தான் தைக்கிறாங்க சார். புதுக் கார்கள்ல கிரில்லுக்குப் பின்னாடி தானா மூடித் திறக்கிற இதழே இருக்கு, இசியு பார்த்துக்கும். பழைய அட்டைப்பெட்டி அதுவும் இதுவும் ஒண்ணா?

பழையபிஸ்டன் · 1:41
அட்டைப்பெட்டி என்று நான் சொல்லவில்லை. அட்டை என்றேன்.

டீசல்தாசன் · 1:50
அட்டைய விடுங்க. ஓட்டி, மாத்தப் போறீங்கன்னா இதையும் குறிச்சுக்குங்க. இன்ஜின் முழுசா ஆறின பிறகுதான் மூடியத் திறக்கணும். கூலண்ட சுத்தமான பாத்திரத்துல பிடிங்க. உங்க வகைல தெர்மோஸ்டாட் பெரும்பாலும் பிளாஸ்டிக் கூட்டோட ஒரே பொருளா வரும், ஓ-ரிங் புதுசு போடணும், போல்ட்ட 10 நியூட்டன் மீட்டருக்கு மேல முறுக்காதீங்க, கூடு வெடிச்சிடும். தனியா வர்ற வகைன்னா அசையுற குட்டி ஊசி மேல்பக்கம் வரணும், காத்து அது வழியாத்தான் தப்பிக்கும். வண்டிக் கையேட்டுல சொன்ன அதே வகை கூலண்ட், காய்ச்சி வடிச்ச தண்ணியோட பாதிக்குப் பாதி. அது மைனஸ் 37 வரைக்கும் தாங்கும். நிறத்த மட்டும் பார்த்துக் கலக்காதீங்க. நிரப்பும்போது ஹீட்டர் முழுச் சூட்டுல இருக்கணும், காத்துத் திருகைத் திறந்து குமிழி நிக்கிற வரை ஹோஸ அமுக்கி விடுங்க. மறுநாள் காலை ஆறின பிறகு அளவு பார்த்து மீதிய ஊத்துங்க.

கழட்டின பழச வீசிடாதீங்க. அறைச் சூட்டுல இடுக்கு தெரிஞ்சா தீர்ப்பு அங்கயே முடிஞ்சது. தெரியலன்னா தண்ணியில போட்டு தெர்மாமீட்டர் வச்சு சூடாக்குங்க, மேல பொறிச்சிருக்கிற எண்ணுக்குப் பக்கத்துல திறக்கத் தொடங்கணும்.

ஆயிலயும் அதோட மாத்துங்க, டீசல் கலந்த ஆயில் பேரிங்க தின்னுடும். டிபிஎஃப் வண்டிக்கு சாம்பல் குறைஞ்ச வகைதான். தெர்மோஸ்டாட் மாத்தறதுக்கு முன்னாடி ஆயில மாத்தினா திரும்பவும் அதே கதை.

முதல் நிமிஷ உதறல் தனி விஷயமா இருக்கலாம். குளோ பிளக் (ஸ்டார்ட் பண்ண சிலிண்டர சூடாக்குற மின்முனை) ஒண்ணு போயிருந்தா அப்படித்தான் உதறும், கூடவே வெள்ளைப் புகை வரும். வயரக் கழட்டி முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் மின்தடை அளங்க. நாலும் ஒண்ணுக்கொண்ணு நெருங்கி, ஒரு ஓம் சுற்றுவட்டத்துல இருக்கணும். ஒண்ணு மட்டும் திறந்த சுற்று காட்டினா அதுதான். கழட்டுறதுன்னா சூடான இன்ஜின்ல, துருவிளக்கி எண்ணெய் விட்டு, முன்ன பின்ன அசைச்சு. எம்8 பிளக் 20 நியூட்டன் மீட்டர்லயே ஒடியும். ஒடிஞ்சா சிலிண்டர் ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம்.

வோல்ட்மீட்டர் · 2:05
குளோ பிளக் நாலும் சேர்ந்து எவ்வளவு கரண்ட் இழுக்கும்னு யாராவது யோசிச்சீங்களா? அதான் பேட்டரின்னு முதல்லயே சொன்னேன்.

மசகுமணி · 2:11
திரும்ப ஆரம்பிச்சுட்டார்.

உறைபனி_ஓட்டி · 5 நாள் கழித்து
தெர்மோஸ்டாட்தான். கழட்டினது வெறும் கையிலயே 4 மில்லிமீட்டர் திறந்து நின்னுது. புதுசு போட்டு ஆயிலும் மாத்தியாச்சு. இப்ப ஒரு நிமிஷத்துல கிளம்பிடுறேன், 12 நிமிஷ ஓட்டத்துல 88, நெடுஞ்சாலையிலயும் அசையல. காலை உதறல் மட்டும் இன்னும் இருக்கு, லீவுல பார்க்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

டீசல்தாசன் · 5 நாள் கழித்து
நல்லது. குளோ பிளக் அளந்தீங்களா? எந்த சிலிண்டர்ல எவ்வளவு ஓம் வந்துச்சு?

டீசல்தாசன் · 3 வாரம் கழித்து
ஓட்டி?