ஜப்பான் போஸ்டர் என்றால் சிவப்பு வட்டம் மட்டும்தானா?

குன்னூர் டீத்தூள்:
குன்னூர் பெட்போர்டு பக்கம் தேயிலைத் தூள் கடை வைத்திருக்கிறேன். மே மாதம் பழக் கண்காட்சிக் கூட்டம் வருவதற்குள் கடைக்கு ஒரு போஸ்டர் அடிக்கலாம் என்றால், டிசைன் படிக்கிற அக்கா பையன் வெள்ளைத் தாளில் ஒரு சிவப்பு வட்டமும் ஒரு மலைக்கோடும் போட்டு 'ஜப்பான் ஸ்டைல் மாமா' என்று நீட்டுகிறான். நான் தேடிப் பார்த்தால் 1910, 20களின் ஜப்பான் போஸ்டர்களில் கிமோனோ கட்டிய பெண்கள் சிவகாசி காலண்டர் லட்சுமி மாதிரி தாளை நிறைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். எதுங்க அசல்?

தொட்டபெட்டா:
இரண்டும் அசல்தான் அண்ணே, நடுவில் அரை நூற்றாண்டு இருக்கிறது, அவ்வளவுதான். எச்சிகோயா என்ற துணிக்கடை 1683லேயே 'ரொக்க விலை, பேரம் இல்லை' என்று நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் கொடுத்தது. பின்னாளில் அதுவே மிட்சுகோஷி ஆனது. அவர்கள் 1911இல் போஸ்டர் போட்டி வைத்தார்கள், முதல் பரிசு 1000 யென், வாங்கியவர் ஹாஷிகுச்சி கோயோ. அந்தப் படத்துப் பெண்ணின் மடியில் பழைய மரக்கட்டை அச்சுப் படங்கள் இருக்கிற புத்தகம் விரிந்திருக்கும், ஆனால் போஸ்டர் அடித்ததோ லித்தோவில், அதாவது கல்லச்சில். பழைய அச்சை வைத்தே புதிய அச்சுக்கு விளம்பரம்! நீங்கள் சொன்ன காலண்டரும் சரிதான், மேலும் கீழும் தகரப் பட்டை அடித்துத்தான் இவற்றைக் கடைகளில் தொங்கவிட்டார்கள்.

அப்புறம் அதே மிட்சுகோஷியில் வேலை பார்த்த சுகியுரா ஹிசுய், 1927இல் உவேனோ–அசாகுசா சுரங்க ரயிலுக்குப் போட்ட போஸ்டரைப் பாருங்கள். பிளாட்பாரம் முழுக்கக் கூட்டம், தூரத்திலிருந்து ரயில் வருகிறது. தனிப் பெண்ணின் முகத்தை விட்டு டிசைனுக்கு நகர்கிற இடம் அது.

கொடை அச்சுக்காரர்:
தொழில்காரனாக ஒன்று சொல்கிறேன். மரக்கட்டை அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை, தாள் ஒரே இடத்தில் உட்கார மூலையில் ஒரு வெட்டு. அப்படிப் பழகிய ஊரில் நிறத்தைத் தட்டையாக, பிரித்து யோசிப்பது யாருக்கும் புதிதாக இருந்திருக்காது. 1922இல் அகதாமா என்ற ஜப்பான் ஒயினுக்கு வந்த போஸ்டரில் தோள் தெரிய நிற்கும் பெண்ணின் புகைப்படம் முழுக்கப் பழுப்பு, கிளாஸில் இருக்கிற ஒயின் மட்டும் சிவப்பு. ஒரே ஒரு நிறத்தை எங்கே செலவு செய்வது என்று தெரிந்தவன் செய்த வேலை.

உங்கள் மருமகன் காப்பியடித்தது கமெகுரா யூசாகுவின் 1964 ஒலிம்பிக் போஸ்டரை. அதில் வட்டம் மேல்பாதியையே அடைத்து நிற்கும், கீழே தங்க நிறத்தில் வளையங்கள். சின்னதாகப் போட்டால் குங்குமப் பொட்டுதான். தயவுசெய்து ஃபிளெக்ஸ் மட்டும் வேண்டாம், ஸ்கிரீன் பிரிண்டிங்கில் தனி மையில் அடியுங்கள். நம் மலையில் ஈரத்துக்குத் தாள் விரிந்து நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழாது, அதனால் ஒரே நாளில் எல்லா நிறத்தையும் முடித்துவிட வேண்டும்.

கோத்தகிரி வாசி:
எல்லாரும் ஜப்பான் என்றாலே வெற்றிடம், அமைதி என்று பேசுவது எனக்கு எரிச்சல். யோகோ தடனோரி 1965இல் போட்ட போஸ்டரில் கதிர் விரிக்கும் சூரியன், புல்லட் ரயில், ஃபூஜி மலை எல்லாம் அடிக்கிற கலரில் இருக்கும், நடுவில் அவரே கையில் ரோஜாவோடு தூக்கில் தொங்குவார். 1961லேயே வெளிவந்த கமெகுராவின் சூரியனுக்கு அப்போது ஐந்து வருஷம்கூட ஆகவில்லை! தீப்பெட்டி லேபிளையும் பழைய மலிவு அச்சையும் கேவலமாக நினைக்காத ஆள். டீக்கடைத் தெருவுக்கு எனக்கென்னவோ இவர்தான் பொருத்தம்.

குன்னூர் டீத்தூள்:
தூக்கில் தொங்குகிற ஆளைக் கடை வாசலில் வைத்தால் வீட்டில் என்னைத் தொங்கவிடுவார்கள். ஒயின் ஐடியா பிடித்திருக்கிறது: எல்லாம் பனி நிறம், கிளாஸில் டீ மட்டும் சிவப்பு. கொடை அண்ணே, இரண்டு நிறம், ஸ்கிரீனில் ஐம்பது தாள், கெட்டி அட்டை. என்ன ஆகும், எத்தனை நாளில் கிடைக்கும்?